இந்தப் பையை ஆர் தூக்குறது?

குறிகட்டுவான் இறங்குதுறையில் தம்பி சறுக்கி விழுந்தபோது எங்கட வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி, "லைற்றுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?" என்பதுதான். கேட்டது ஆர் என்று இப்ப சொல்ல மாட்டோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கோ. அவன் ஈரப் படியில் இருந்தபடியே, வலது மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இல்லை அண்ணை, லைற் நல்லா இருக்கு" என்றான். அந்த மணிக்கட்டு வீங்கியிருந்ததை நாங்கள் கவனித்தது படகு பாதி வழி போன பிறகு.

அன்றைக்கு நாங்கள் நெடுந்தீவுக்குப் போனது, முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வேலி கட்டத் தெரிந்த ஒரு ஐயாவைப் பதிவு செய்ய. சாந்து இல்லை, சீமெந்து இல்லை, கல்லை அடுக்குகிற கைப்பழக்கம் மட்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாத ஒரு படம். அதற்கு நாங்கள் கொண்டு போனவை: கமரா இரண்டு, லென்ஸ் ஐந்து, எல்.ஈ.டி லைற் மூன்று, அவற்றுக்கான ஸ்ராண்ட் மூன்று, ஒரு சொஃப்ற்பொக்ஸ், ஒரு ஸ்லைடர், ஒரு ரைப்பொட், பெரிய பற்றரி நாலு, வயர் ஒரு மூட்டை, அனுமதி எடுக்காதபடியால் பெட்டியைவிட்டு வெளியில் வராத ஒரு ட்ரோன். திரும்பி வந்த பிறகு, ஒரு ஆத்திரத்தில், உரும்பிராய்ச் சந்திக்குப் பக்கத்து வெங்காயக் கடைத் தராசில் எல்லாத்தையும் வைத்து நிறுத்துப் பார்த்தோம். 41 கிலோ. நாங்கள் நாலு பேர். அந்த 41 இல் 22 கிலோ, எங்களுக்குள் வயது குறைந்த, நேற்றுத்தான் வந்து சேர்ந்த தம்பியின் தோளிலும் கையிலும் இருந்தது. அதை அப்பிடிப் பிரிக்கச் சொல்லி ஒருத்தரும் முடிவெடுக்கவில்லை. தானாகவே அப்பிடிப் பிரிந்தது.

இதில் நாங்கள் பாவித்தது என்ன தெரியுமோ? ஒரு கமரா, ஒரு லென்ஸ், ஒரு காலர் மைக். ஐயா ஒரு மர நிழலில் இருந்தார், வெயில் கல்லில் பட்டுத் தெறித்து அவருடைய முகத்துக்கு வந்தது. அதைவிட நல்ல லைற் எங்களிடம் இருக்கவில்லை. ரைப்பொட் கொண்டுபோயும் பாவிக்க முடியவில்லை. கமராவையும் ரைப்பொட்டையும் பூட்டுகிற அந்தச் சின்னத் தட்டு, தீப்பெட்டியளவு சாமான், அது உரும்பிராயில் மேசையில் கிடந்தது. கடைசியில் ஐயா கட்டின வேலியிலேயே கமராவை வைத்து எடுத்தோம். வேலி அசையவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதவேணும் என்று தோன்றினது அந்த வேலிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான். எங்களைப்போலப் படம் எடுத்துத் திரிகிற பெடியள், பெட்டையள் யாழ்ப்பாணத்தில் இப்ப கனபேர். கலியாணவீடு, சாமத்தியவீடு, ஆவணப்படம், நிறுவனங்களின் அறிக்கைக்கான வீடியோ, சொந்தக் குறும்படம் என்று ஒவ்வொரு கிழமையும் ஆரோ ஒருத்தர் பை கட்டிக்கொண்டு இருக்கிறார். எந்தக் கமரா வாங்கலாம் என்று இரவிரவாகக் கதைக்கிறோம். அதை எப்பிடிக் கட்டுறது, ஆர் தூக்குறது என்று ஒருநாளும் கதைக்கிறதில்லை.

யூரியூப்பில் இதுபற்றி வீடியோக்கள் கொட்டிக் கிடக்கு என்று சொல்லுவீர்கள். நாங்களும் பார்த்தோம். அழகான சக்கரப் பெட்டி, அதற்குள் நுரையில் வெட்டின குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு சாமான். கடைசியில் அந்தப் பெட்டி ஒரு காரின் பின்பக்கம் ஏறும். கார் நேரே படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் போய் நிற்கும். அந்த முறை அந்தக் காருக்காக உண்டானது. எங்கட வழி வேறு. உரும்பிராயிலிருந்து பலாலி வீதியால் பட்டணத்துக்கு மோட்டார் சைக்கிள், அங்கிருந்து பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு என்று நிறைஞ்ச பஸ், பிறகு படகு, பிறகு தீவுக்குள் ஒரு லான்ட்மாஸ்ரரின் பெட்டி. சக்கரப் பெட்டியின் சக்கரம் இந்த வழியில் எங்கேயும் உருளாது. அது வெறும் பாரம், அதுவும் மூன்று நாலு கிலோ வெறும் பெட்டியின் பாரம்.

ஆனால் வீடியோக்களில் பழியைப் போட்டுத் தப்ப ஏலாது. நாங்கள் ஏன் 41 கிலோ கொண்டு போனோம்? பயத்தில்தான். "இருட்டாக இருந்தால் என்ன செய்யிறது?" என்ற பயத்துக்கு ஒரு லைற். "அந்த லைற் வேலை செய்யாட்டி?" என்ற பயத்துக்கு இன்னொன்று. "எங்களைச் சின்னப்பெடியள் என்று நினைச்சால்?" என்ற பயத்துக்கு ஸ்லைடர். இடத்தைப்பற்றி ஒரு தகவலும் எடுக்காமல் போனபடியால்தான் எல்லாத் தகவலுக்கும் ஒவ்வொரு சாமான் கொண்டு போகவேண்டி வந்தது. ஐயாவின் மகளுக்கு ஒரு போன் எடுத்து, "அக்கா, அப்பா பின்னேரத்தில எங்க இருந்து கதைப்பார்?" என்று கேட்டிருந்தால் பதினைந்து கிலோ குறைந்திருக்கும்.

பாரம் தூக்குகிற கதை படம் எடுக்கிற தொழிலோடே பிறந்தது. லினியஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்காரர், அப்போதைய சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளர், 1858 இல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று மாட்டு வண்டிகளில் கமராவையும் இரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு திரிந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அந்தக் காலத்தில் சின்னப் படத்தைப் பெருப்பிக்கிற வசதி இல்லை. பெரிய படம் வேணும் என்றால் அந்த அளவுக்கே நெகற்றிவ் வேணும், அந்த நெகற்றிவ் கொள்ளுகிற அளவுக்குக் கமரா வேணும். வண்டி தேவைப்பட்டதற்கு நியாயம் இருந்தது. சாமுவேல் போர்ன் 1860களில் இமயமலைக்குப் போனபோது ஈரக் கண்ணாடித் தட்டில் எடுத்தார். மருந்து காய முதல் படமெடுத்துக் கழுவவும் வேணும் என்பதால் இருட்டுக் கூடாரத்தையே மலைமேல் தூக்கிக்கொண்டு போகவேணும். 1866 பயணத்தில் அவரோடு எண்பது பேரளவில் சுமைகாரர் போனார்கள். அவர்கள் இடைவழியில் சுமையைப் போட்டுவிட்டு ஓடிப்போவதைப்பற்றி அவர் எரிச்சலோடு எழுதியிருக்கிறார். ஏன் ஓடினார்கள் என்று நாங்கள் அந்த ஈரப் படியில் தம்பியைப் பார்த்த பிறகு கொஞ்சம் யோசித்தோம்.

ட்ரைப்புக்கும் போர்னுக்கும் இருந்த காரணம் எங்களுக்கு இல்லை. 2015 இல் வந்த டாஞ்சரின் படத்தை ஷோன் பேக்கர் ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தார் என்பதை எல்லாரும் சொல்லுவோம். (அதே வாயால் பெரிய கமரா வாங்கக் காசு கேட்டு லண்டனில் இருக்கிற சித்தப்பாவுக்கும் கதைப்போம்.) அந்தப் படத்திலும் சத்தத்தைப் போனில் எடுக்கவில்லை, அதற்கு ஆளும் கருவியும் தனியாக இருந்தன. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க ஏலாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு அது தெரிந்திருக்க வேணும், ஏனென்றால் எங்களுக்கு ஒருக்கால் படிப்பித்தாயிற்று.

2022 ஐ நினைச்சுப் பாருங்கோ. பெற்றோல் இல்லை. பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டு. அந்த மாதங்களில் நாங்கள் வேலையை விடவில்லை, சைக்கிளில் போனோம். கோப்பாய், நீர்வேலி, அச்சுவேலி என்று வெயிலுக்குள் மிதித்தோம். சைக்கிள் கரியரில் ஏறுகிறது எவ்வளவோ அவ்வளவுதான் சாமான். ஒரு கமரா, இரண்டு லென்ஸ், கையளவு எல்.ஈ.டி ஒன்று, அதற்குச் சின்னப் பற்றரி மூன்று. ஸ்ராண்டுக்குப் பதில் வீட்டுக்காரரின் கதிரை. சொஃப்ற்பொக்ஸுக்குப் பதில் யன்னலில் ஒரு வெள்ளை வேட்டி. வெளிச்சத்தைத் திருப்பிவிட, ரீவி வந்த பெட்டிக்குள் இருந்த றிஜிபோம் துண்டு. அந்த வருடம் எடுத்த படங்களை இப்ப போட்டுப் பார்த்தால், நாங்கள் எடுத்ததில் முகங்கள் நல்லா வந்தது அவற்றில்தான். ஒரு பக்கம் வெளிச்சம், மற்றப் பக்கம் நிழல். யன்னலுக்குப் பக்கத்தில் ஆட்களை இருத்தினோம், அவ்வளவுதான் எங்கட வித்தை.

பிறகு பெற்றோல் வந்தது. பையும் பெருத்தது.

பை கட்டுகிறதுக்கு நல்ல வாத்திமார் எங்கட ஊரிலேயே இருக்கினம். விடிய நாலு மணிக்குச் சந்தைக்குப் போகிற சைக்கிளைக் கவனித்துப் பாருங்கோ. கோவா, வாழைக்குலை, கத்தரிக்காய் மூட்டை எல்லாம் ஒரு கரியரில். பாரமானது அடியில், சில்லுக்கு நேரே. நசியிறது மேலே. கட்டுகிறது கயிற்றால் இல்லை, வெட்டின சைக்கிள் ரியூப்பால், ஏனென்றால் பள்ளத்தில் விழுந்தாலும் ரியூப் இழுபட்டுத் திரும்ப இறுகும். நாங்கள் இப்ப ஸ்ராண்டையும் ரைப்பொட்டையும் ரியூப்பால்தான் கட்டுகிறோம். கடையில் விற்கிற நைலோன் பட்டியைவிட நல்லம். முதுகுப்பையிலும் அதே கதைதான். பற்றரியும் பெரிய லென்ஸும் முதுகோடு ஒட்டினமாதிரி இருக்கவேணும். வெளிப்பக்கம் போட்டால் பை பின்னுக்கு இழுக்கும், ஆள் முன்னுக்குக் குனிவார், பின்னேரம் நாரி பிடிக்கும். தம்பி சறுக்கினதும் படி ஈரமாக இருந்ததால் மட்டும் இல்லை. ஒரு கையில் 12 கிலோ, மற்றக் கையில் ஒன்றும் இல்லை, ஆள் ஒரு பக்கமாகச் சரிந்துதான் நடந்து வந்தான்.

எங்கட மண்ணும் காற்றும் சாமானுக்கு எதிரிகள். வலிகாமத்துச் செம்மண் தோட்டத்துக்கு நல்லம், லென்ஸைச் சுற்றுகிற வளையத்துக்குள் போனால் கரகரவென்று சத்தம் கேட்கும். உழுகிற நாளில் தோட்டத்துக்குள் நின்று லென்ஸ் மாற்றாதேங்கோ. மாற்றவேணும் என்றால் வீட்டுக்குள் போங்கோ, இல்லாட்டி பைக்குள் கையை விட்டு மாற்றுங்கோ. தீவுப்பக்கம் போனால் உப்புக்காற்று. வந்த அன்றே ரைப்பொட் காலை நல்ல தண்ணியில் நனைச்சுப் பிழிந்த துணியால் துடைக்காட்டி, அடுத்த மாதம் பூட்டு இறுகிப்போகும். மாரியில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், சிலந்திவலை மாதிரி. காற்றுப் போகாத பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கோ. அரிசிக்குள் போட்டு வைக்கச் சொல்லுகிற ஆட்களும் இருக்கினம். அரிசியில் மாத்தூள் இருக்கு, அது வேண்டாம். இன்னொன்று, ஏசி வானில் போய் இறங்கின உடனே பையைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டால் வேர்க்கும். மூடினபடியே ஒரு இருபது நிமிடம் வைத்துவிட்டு, வீட்டுக்காரரோடு தேத்தண்ணி குடியுங்கோ. எப்பிடியும் தேத்தண்ணி வரும்.

பிளக். இது சின்ன விசயம், ஆனால் இதனால் நாங்கள் அரைநாள் இழந்திருக்கிறோம். பழைய வீடுகளில் உருண்டை முனை, அதிலும் சின்னது ஒரு அளவு, பெரியது ஒரு அளவு. புதிய வீடுகளில் சதுர முனை. எங்கட சார்ஜர்களோ வெளிநாட்டிலிருந்து ஆரோ கொண்டுவந்தவை, தட்டை முனை. எல்லாத்துக்கும் பொருந்துகிற ஒரு மல்ரிபிளக்கும் ஐந்து மீற்றர் வயரும் எந்தப் பயணத்திலும் விடக்கூடாத சாமான். மூன்றாவது லென்ஸை விடுங்கோ. இதை விடாதேங்கோ.

பற்றரியைப்பற்றி எழுதும்போது எங்கட வீட்டுப் பெரியாக்கள் சிரிப்பினம். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது உள்ளே வர விடாத சாமான்களில் ரோர்ச் பற்றரியும் ஒன்று. எரிபொருள், சீமெந்து, மெழுகுதிரி வரிசையில் அதுவும் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருத்தர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த கரண்டில் ரேடியோ கேட்ட சனம் எங்கட சனம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெயும் ஒரு திரியும் விட்டுப் படித்துச் சோதனை எழுதினவை எங்கட அக்காமார். ஒரு பற்றரியின் மதிப்பு என்ன என்று அவையிட்டைக் கேட்கவேணும். நாங்கள் நாலைச் சார்ஜ் போட்டுவிட்டு எது நிறைஞ்சது, எது முடிஞ்சது என்று தெரியாமல் நிற்கிறோம். இப்ப ஒரு சின்ன வழி வைத்திருக்கிறோம். நிறைஞ்ச பற்றரிக்கு ஒரு றப்பர் பாண்ட் போடுகிறது. முடிஞ்சால் கழற்றிக் கையில் போடுகிறது. பின்னேரம் கையில் எத்தனை றப்பர் பாண்ட் என்று பார்த்தால் கணக்கு விளங்கும்.

விமானத்தில் போகிறவர்கள் இதை இன்னும் கவனமாக வாசியுங்கோ. பலாலியிலிருந்து சென்னைக்கு இப்ப விமானம் இருக்கு, எங்களைப்போல ஆட்களும் குறும்பட விழா, பயிற்சி என்று போகினம். உதிரி லித்தியம் பற்றரியை ஏற்றிவிடுகிற பெரிய பெட்டிக்குள் போடக் கூடாது, கைப்பையில்தான் கொண்டு போகவேணும். இது உலகம் முழுக்க இருக்கிற விதி, தீப்பிடித்தால் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கவேணும் என்பதற்காக. அளவு வாற்-அவர் கணக்கில். வோல்ற்றேஜை அம்பியர்-அவரால் பெருக்கினால் வரும். 7.2 வோல்ற், 6.6 அம்பியர்-அவர் உள்ள சாதாரண லைற் பற்றரி 47 அளவில். 20,000 மில்லி அம்பியர் பவர்பாங்க் 74. 14.8 வோல்ற் பெரிய பற்றரி 98. நூறு வரைக்கும் தனி அனுமதி தேவையில்லை. 100 இலிருந்து 160 வரைக்கும் விமானக் கம்பனியிட்டைக் கேட்கவேணும், அதுவும் உதிரியாக இரண்டுதான். அதற்கு மேலே பயணப் பையில் கொண்டுபோக ஏலாது. முனைகளில் ரேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பைக்குள் போடுங்கோ. எங்களுக்குள் ஒருத்தர் இதைப் படிக்காமல் போய், பெட்டியை எல்லாருக்கும் முன்னால் திறந்து, உள்ளுடுப்புகளுக்கு நடுவில் பற்றரி தேடினார். பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

பையைத் திறந்து காட்டுகிறது எங்களுக்குப் பரம்பரைப் பழக்கம். ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்று சாமானை அவிழ்த்துக் காட்டி, திரும்பக் கட்டின ஆட்களின் பிள்ளைகள் நாங்கள். பழைய ஸ்ரூடியோ அண்ணை ஒருத்தர் சொன்ன விசயம் இன்றைக்கும் பிரயோசனம்: "திறந்த உடனே என்ன என்ன எண்டு தெரியவேணும். தேட வெச்சியோ, அவங்கள் தேடுவாங்கள்." அவர் பயத்தில் கற்றுக்கொண்டது எங்களுக்கு வேலைக்கு உதவுது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே இடம், ஒருநாளும் மாறாத இடம். வெறும் இடம் தெரிந்தால் ஏதோ விடுபட்டிருக்கு. நெடுந்தீவிலிருந்து திரும்பும்போது எதையும் விட்டுவிட்டு வராததற்கும் அதுதான் காரணம். போகும்போது தட்டை விட்டதற்குக் காரணம், அந்தத் தட்டுக்கு எங்கட பையில் ஒரு இடமே இருக்கவில்லை.

பை கட்டுகிற கதையை எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவிடம் சொன்னபோது அவ வேறு ஒரு கதை சொன்னா. 1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்தைவிட்டு எல்லாரும் வெளிக்கிடவேணும் என்ற அறிவிப்பு. இரவு, மழை, நாவற்குழிப் பாலம் முட்டச் சனம். வீட்டிலிருந்து என்ன எடுத்தீங்கள் என்று கேட்டோம். காணி உறுதி, பிள்ளையளின் பிறப்புச் சான்றிதழ், அரிசி கொஞ்சம், ஒரு சருவச்சட்டி, இரண்டு போர்வை. சைக்கிள் ஒன்று, அதில் அவவின் மாமியார் இருந்தா.

"அல்பம் பாரமெண்டு வைச்சிட்டு வந்தனான்," என்றா. "மட்டை அல்பம், மூண்டு. ஒரு வாரத்தில திரும்பி வருவமெண்டுதானே நினைச்சம்."

1996 இல் திரும்பி வந்தபோது கூரை இருந்தது, அல்பம் இருக்கவில்லை. அவவின் கலியாணப் படம் ஒன்றுகூட இப்ப இல்லை. மூத்த மகனின் சின்ன வயதுப் படம் இல்லை. "ரெண்டு படத்தை உரிச்செடுத்து உறுதிக்குள்ள வைச்சிருக்கலாம். அந்த நேரம் மூளை வேலை செய்யேல்லை," என்றா. அதைச் சொல்லிவிட்டு, எங்கட பைகளைப் பார்த்து, "உவ்வளவும் என்னத்துக்குப் பிள்ளையள்?" என்று கேட்டா. நாங்கள் அவவைப் பதிவு செய்யத்தான் அன்றைக்குப் போயிருந்தோம். லைற் இரண்டையும் பூட்டி முகத்துக்கு நேரே வைத்தால் அவ கதைக்க மாட்டா என்று எங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. போட்டுப் பார்க்கவும் இல்லை. திண்ணையில் இருந்தபடி கதைத்தா, போனாலும் ஒரு காலர் மைக்காலும் எடுத்தோம். அறைக்குள் 22 கிலோ சாமான் சும்மா கிடந்தது.

எங்களுக்குள் இதில் ஒற்றுமை இல்லை என்பதையும் சொல்லவேணும். கலியாணவீடு எடுக்கிற எங்கட தோழர் ஒருத்தர் கேட்கிறார்: "சின்னப் பையோட மண்டபத்துக்குப் போனால் காசு குறைச்சுப்போடுவினம். கனடாவில இருந்து வந்த ஆக்களுக்குப் பெரிய லைற்தான் பெரிய வேலை." உண்மைதான். மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு நடுவில் வேட்டித் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஏலாது. அங்கே லைற் வேணும், வான் வாசல்வரை வரும், தூக்க ஆட்களும் வருவினம். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மண்டபப் பையை அப்படியே படகில் ஏற்றுகிறதுதான் பிரச்சினை. ஒரு வேலைக்குக் கட்டின பை மற்ற வேலைக்குப் பொருந்தாது என்பதை ஏற்க எங்களுக்குச் சோம்பல். அவிழ்த்துத் திரும்பக் கட்ட ஒரு இரவு போகும் என்று அப்பிடியே தூக்கிக்கொண்டு போகிறோம். தூக்கிக்கொண்டு என்றால், ஆரையோ தூக்க வைத்து.

அந்த "ஆரோ" பற்றி ஒரு கணக்கு. மன்னாரில் ஒருநாள் படப்பிடிப்பு என்று ஒரு நிறுவனம் கூப்பிடும். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு மன்னார் கிட்ட வந்துவிட்டது, ஆனாலும் சாமானோடு முதல் நாள் பின்னேரமே வெளிக்கிடவேணும், அடுத்த நாள்தான் திரும்பலாம். மூன்று நாள் போகும். காசு ஒரு நாளைக்கு. கமரா பிடிக்கிறவருக்கு அந்த ஒரு நாள் காசிலாவது ஒரு பங்கு வரும், பேரும் வரும். லைற் பிடிக்கிற, பை தூக்குகிற தம்பிக்குச் சாப்பாடும் "அனுபவமும்" வரும். அனுபவம் என்று சொல்லிச் சொல்லி எத்தனை பேரை இந்தத் தொழிலைவிட்டு அனுப்பினோம் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கு. போகிற நாளும் வேலைநாள்தான். விலை சொல்லும்போது அந்த நாட்களையும், தூக்குகிறவரின் கூலியையும் முதல் வரியில் போடுங்கோ. போட்டால் சில வேலை கைவிட்டுப் போகும். எங்களுக்கு இரண்டு போனது. மூன்றாவது ஆட்கள் கேட்டார்கள், "ஏன் அவ்வளவு சாமான்? குறைச்சுக் கொண்டு வாங்கோவன்." நாங்கள் நினைக்காத கேள்வி அது. கூலி எழுதின பிறகுதான் பாரம் எங்கட கண்ணுக்கும் அவர்கள் கண்ணுக்கும் தெரிந்தது.

நெடுந்தீவுக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்தோம். பை கட்டுகிறவர்தான் அந்தப் பையைத் தூக்கவேணும், வீட்டு வாசலிலிருந்து திரும்ப வீட்டு வாசல்வரை. இரண்டாவது கமரா வேணும் என்று அடம்பிடிக்கிறவர் இரண்டாவது கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நிற்கட்டும். முதல் மாதமே ஸ்லைடர் தானாக அலுமாரிக்குள் போய்விட்டது. ஒருத்தரும் போகச் சொல்லவில்லை. எடுத்த படம் உள்ள மெமரி காட் மட்டும் இந்த ஏற்பாட்டுக்குள் இல்லை. அதைப் படகேற முதலே இரண்டு பிரதியாக்கி, இரண்டு பேர், இரண்டு பைகளில் கொண்டு வருகிறோம். அம்மம்மாவின் அல்பக் கதை கேட்ட பிறகு அதில் நாங்கள் விட்டுக்கொடுக்கிறதில்லை.

தம்பியின் மணிக்கட்டு முறியவில்லை. சுளுக்குத்தான், ஆனால் மூன்று கிழமை எண்ணெய் போட்டுக் கட்டிக்கொண்டு திரிந்தான். அடுத்த கிழமை முல்லைத்தீவுக்குப் போகிறோம், இரண்டு நாள். இந்த முறை என்ன கொண்டு போகிறது என்று எழுதுகிற வேலையை அவனிடம் கொடுத்தோம். நேற்றிரவு பட்டியலைக் கொண்டுவந்து வைத்தான். ஒரு கமரா, இரண்டு லென்ஸ், ஒரு லைற், மைக் இரண்டு, மல்ரிபிளக், வேட்டி. லைற் ஒன்று காணாது என்று எங்களுக்குள் இருவர் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டு இருக்கினம். ரைப்பொட் தட்டை அவன் பட்டியலில் எழுதவில்லை. ஏன் என்று கேட்டோம். ரைப்பொட்டைத் தூக்கிக் காட்டினான். தட்டைச் சைக்கிள் ரியூப்பால் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தான்.